பெரோவ்ஸ்கைட் நானோபடிகங்களின் அளவும் வடிவமும்: ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பெரோவ்ஸ்கைட் நானோபடிகங்களை, அதாவது சில நானோமீட்டர் அளவே உள்ள படிகங்களை, தயாரிக்கப் பழகும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்கள் முதல் சில மாதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே பொருளை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்: பச்சையாக ஒளிரும் சீசியம் லெட் புரோமைடு (லெட் என்றால் ஈயம்). இதை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவற்றைப் பிடித்துக்கொள்வது எளிது.

பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு பொருளா, ஒரு அமைப்பா?

அமைப்பு. 1839-இல் உரால் மலைப்பகுதியில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்துக்கு வைத்த பெயர் இது. அதே அடுக்கமைப்பு உள்ள எல்லாப் பொருள்களுக்கும் பின்னர் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நம் பொருளில் ஒவ்வொரு ஈய அயனியையும் ஆறு புரோமைடு அயனிகள் எண்முகியாகச் சூழ்ந்திருக்கும். எண்முகிகள் மூலைகளில் கைகோத்து நிற்கும், நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் சீசியம் உட்கார்ந்திருக்கும். ஒரு கூட்டின் பக்கம் ஏறத்தாழ 0.59 நானோமீட்டர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? நிறத்தை ஹாலைடை மாற்றியே மாற்றிக்கொள்ளலாமே?

மாற்றலாம். 2015-இல் சூரிக்கின் இடிஹெச் நிறுவனத்தில் கோவலென்கோவின் குழு வெளியிட்ட முதல் கட்டுரையே அதைக் காட்டியது. குளோரைடு, புரோமைடு, அயோடைடு என்ற ஹாலைடுகளைக் கலந்து 410 முதல் 700 நானோமீட்டர் வரை ஏறத்தாழ முழு வானவில்லையும் அவர்கள் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஹாலைடு கலந்த படிகத்துக்குள் அயனிகள் எளிதில் இடம்பெயரும். ஒளியும் மின்னழுத்தமும் பட்டால் அவை பிரிந்து நிறம் நகரக்கூடும். தூய நீலம் வேண்டுமென்றால், குளோரைடைக் கலப்பதை விட, புரோமைடை மட்டும் வைத்துக்கொண்டு படிகத்தைச் சிறிதாக்குவது நல்ல வழி.

எவ்வளவு சிறிது? எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் இணைந்த எக்சைட்டான் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பதைச் சொல்வது போர் விட்டம். அது குளோரைடுக்கு ஏறத்தாழ 5, புரோமைடுக்கு 7, அயோடைடுக்கு 12 நானோமீட்டர். படிகம் இதைவிடச் சிறிதானால் எக்சைட்டான் நெருக்கப்படும், ஆற்றல் இடைவெளி விரியும், நிறம் நீலத்தை நோக்கிப் போகும். அதனால் 10 நானோமீட்டர் புரோமைடு கனசதுரத்தில் அளவு கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் நிறம் பெரிதாக மாறாது. 5 நானோமீட்டருக்குக் கீழே போனால் ஒவ்வொரு அடுக்கும் நிறத்தில் தெரியும். சிறிய அளவைத் துல்லியமாகச் செய்வதுதான் இந்தத் துறையின் உண்மையான கஷ்டம்.

அடிப்படைச் செய்முறை என்ன?

ஹாட் இன்ஜெக்ஷன். சூடான கரைசலுக்குள் இன்னொரு கரைசலை ஒரே அழுத்தில் ஊசி மூலம் செலுத்துவது. 2015 செய்முறையின் எலும்புக்கூடு இதுதான்:

ஒரு குடுவையில் 0.814 கிராம் சீசியம் கார்பனேட், 2.5 மில்லி ஒலியிக் அமிலம், கரைப்பானாக 40 மில்லி ஆக்டாடெசீன். வெற்றிடத்தில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, நைட்ரஜனில் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் எல்லாம் கரைந்து சீசியம் ஒலியேட் கிடைக்கும். மூன்று கழுத்துக் குடுவை ஒன்றில் 0.188 மில்லிமோல் லெட் புரோமைடு, 5 மில்லி ஆக்டாடெசீன். இதையும் 120 டிகிரியில் வெற்றிடத்தில் உலர்த்தி, ஒலியிக் அமிலம் 0.5 மில்லி, ஒலைல்அமீன் 0.5 மில்லி சேர்த்தால் உப்பு தெளிவாகக் கரையும். பிறகு 140 முதல் 200 டிகிரிக்குள் ஒரு வெப்பநிலையில் நிறுத்தி, 0.4 மில்லி சீசியம் ஒலியேட்டைச் சட்டென்று உள்ளே செலுத்த வேண்டும். ஐந்து விநாடி கழித்துக் குடுவையை ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும்.

உலர்த்தும் மணி நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள். ஈரம் இருந்தால் அதற்குப் பிறகு செய்யும் எதையும் நம்ப முடியாது.

இன்னொரு நானோபடிகப் பொருளான காட்மியம் செலினைடில் நேரத்தைக் கூட்டிக் குறைத்து அளவை மாற்றுவோமே. இங்கே ஏன் முடிவதில்லை?

காட்மியம் செலினைடில் ஊசி போட்டதும் கருக்கள், அதாவது படிகம் வளரத் தொடங்கும் சிறு துணுக்குகள், ஒரே வீச்சில் பிறக்கும். அத்துடன் செறிவு இறங்கிவிடும், புதிய கரு பிறப்பது நின்றுவிடும். அதன்பின் பல நிமிடங்கள் வளர்ச்சி மட்டுமே நடக்கும். எல்லாக் கருக்களும் ஒரே வயது என்பதால் எல்லாம் ஒரே அளவில் வளரும், வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். 1993-இல் மௌங்கி பவெண்டியின் குழு எம்ஐடியில் காட்டிய இந்த ஒழுங்குக்கு 2023 நோபல் பரிசில் பெரிய பங்கு உண்டு.

பெரோவ்ஸ்கைட் இதற்கு நேர்மாறு. இங்கே உடைக்க வேண்டிய வலுவான சகப்பிணைப்பு எதுவும் இல்லை. சீசியம், ஈயம், புரோமைடு மூன்றும் அயனிகளாகவே கரைசலில் காத்திருக்கின்றன. சந்தித்தவுடன் சேர்ந்துவிடும், சமையலுப்பு படிவதைப் போல. வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் ஒன்று முதல் மூன்று விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. கரு பிறப்பதும் வளர்வதும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நடக்கின்றன. முதல் அரை விநாடியில் பிறந்தது பெரிதாகவும், கடைசியில் பிறந்தது சிறிதாகவும் நிற்கும்.

பனங்கற்கண்டு எடுப்பவர்கள் பாகைக் காய்ச்சி, பானையில் நூல் கட்டி, வாரக்கணக்கில் அசைக்காமல் விடுவார்கள். அதனால்தான் பெரிய, தெளிவான படிகம் கிடைக்கிறது. அதே பாகைச் சூட்டோடு கிண்டிக்கொண்டே இருந்தால் பொடிச் சர்க்கரைதான் வரும். காட்மியம் செலினைடு நூல் கட்டிய பானை என்றால், பெரோவ்ஸ்கைட் கிண்டிய பாகு.

ஆகவே, அளவும் வடிவமும் ஊசி போட்ட பிறகு தீர்மானமாவதில்லை. ஊசி போடுவதற்கு முந்தின நொடி குடுவைக்குள் என்ன இருந்தது, எந்தச் சூட்டில் இருந்தது என்பதில் தீர்மானமாகின்றன. இந்தப் பக்கத்தில் இனி வருவது எல்லாமே இதன் விரிவுதான்.

அப்படியென்றால் வெப்பநிலைதான் கைப்பிடியா?

முதல் கைப்பிடி அதுதான். கூட்டினால் கனசதுரம் பெரிதாகும், குறைத்தால் சிறிதாகும். 2015 கட்டுரை 4 முதல் 15 நானோமீட்டர் வரை மாற்றியது பெரும்பாலும் வெப்பநிலையால்தான். ஆனால் சிறிதாக்க வேண்டும் என்று இறக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கனசதுரமே நின்றுபோய்த் தட்டையான தகடுகள் வரத் தொடங்கும். அதே ஆண்டு பெர்க்லியில் அலிவிசாட்டோஸின் குழு 90 முதல் 130 டிகிரி வரை இறக்கி, சில அணுவடுக்கு மட்டுமே தடிமன் உள்ள தகடுகளைச் செய்தது. சூடு குறையும்போது மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள் எளிதில் கழன்று போவதில்லை. அவை மறித்து நிற்கும் முகத்தில் படிகம் வளராது, பக்கவாட்டில் மட்டும் பரவும்.

ஆக, வெப்பநிலை ஒரே நேரத்தில் அளவையும் வடிவத்தையும் தொடுகிறது. ஒன்றை மட்டும் தனியாகத் திருக முடியாது என்பதுதான் இதன் குறை.

அளவை மட்டும் தனியாகக் கட்டுப்படுத்த வழி உண்டா?

உண்டு. கூடுதல் புரோமைடு. சிறிய படிகத்தில் உள்ளே இருப்பதை விட மேற்பரப்பில் இருக்கும் பங்கு அதிகம். மேற்பரப்பைப் புரோமைடு போர்த்தியிருப்பதால் ஒரு ஈயத்துக்கு மூன்றுக்கும் மேற்பட்ட புரோமைடு அதற்குத் தேவைப்படும். கரைசலில் புரோமைடு ஏராளமாக இருந்தால் சமநிலை சிறிய படிகத்தின் பக்கம் சாயும். இதை வைத்து 2018-இல் துத்தநாகப் புரோமைடைச் சேர்த்து, அதன் அளவையும் வெப்பநிலையையும் மாற்றிப் படிகத்தின் அளவை நிறுத்தினார்கள். துத்தநாகத்தின் வேலை புரோமைடைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான்.

எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். ஏனென்றால் இங்கே கடிகாரத்தோடு ஓட வேண்டியதில்லை. படிகம் தன் சமநிலை அளவைத் தானே தேடிக்கொள்கிறது. கை வேகத்தில் ஆளுக்கு ஆள் வரும் வித்தியாசமும் குறைகிறது.

ஒலியிக் அமிலமும் ஒலைல்அமீனும் உண்மையில் என்ன செய்கின்றன?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இவற்றை ஈனிகள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது, ஆய்வகத்தில் எல்லோரும் லிகண்ட் என்போம். இரண்டும் லெட் புரோமைடைக் கரைக்கின்றன, படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. அது வெளியே தெரியும் வேலை. உள்ளே இன்னொன்று நடக்கிறது: அமிலம் தன் புரோட்டானை அமீனுக்குக் கொடுக்கிறது. அமீன் ஒலைல்அம்மோனியம் என்ற நேர்மின் அயனியாகிறது, அமிலம் ஒலியேட் ஆகிறது. இந்த ஒலைல்அம்மோனியத்தின் தலை சீசியம் உட்கார வேண்டிய இடத்தில் மேற்பரப்பில் உட்கார்ந்துகொள்ளும். அதன் 18 கார்பன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சீசியம் உட்கார்ந்தால் அடுத்த அடுக்கு தொடரும். ஒலைல்அம்மோனியம் உட்கார்ந்தால் அந்த முகத்தில் வளர்ச்சி நிற்கும். படிகத்தின் வடிவம் இந்த இரண்டுக்கும் நடக்கும் போட்டியின் விளைவு.

இதைப் புரிந்துகொண்டால் பல விஷயங்கள் தாமாகவே விளங்கும்.

அமிலத்தைக் கூட்டினாலோ, ஹைட்ரோபுரோமிக் அமிலம் போன்ற வலுவான அமிலத்தைச் சேர்த்தாலோ, அம்மோனியம் அதிகமாகும், தகடுகள் வரும். சீசியத்தைக் குறைத்து ஈயத்தைக் கூட்டினாலும் அப்படித்தான். அமீன் மிகவும் மிஞ்சிப்போனால் வேறு சிக்கல்: அது ஈயத்தையும் புரோமைடையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஈயம் குறைந்த, நான்கு சீசியத்துக்கு ஒரு ஈயமும் ஆறு புரோமைடும் உள்ள வேறொரு சேர்மம் படியும். அது நிறமற்றது, 314 நானோமீட்டர் அருகே கூர்மையான உறிஞ்சல் காட்டும்.

வாலின் நீளமும் முக்கியம். அமிலத்தின் சங்கிலியைக் குட்டையாக்கினால் கனசதுரம் பெரிதாகும். அமீனின் சங்கிலியைக் குட்டையாக்கினால் உயர்ந்த வெப்பநிலையிலும் தகடுகள் வரும். குட்டையான அம்மோனியம் விரைவாகவும் நெருக்கமாகவும் மேற்பரப்பில் அமர்ந்துகொள்வதே காரணம்.

சரி, தகடு வரவே கூடாது என்றால்? அம்மோனியத்தின் தலையைப் பருமனாக்கிவிடலாம். இத்தாலியின் ஜெனோவாவில் மன்னாவின் குழு 2018-இல் ஒலைல்அமீனுக்குப் பதிலாக இரண்டு சங்கிலிகள் கொண்ட இரண்டாம் நிலை அமீன்களைப் பயன்படுத்தியது. இரண்டு வால் உள்ள தலை சீசியத்தின் குழியில் சரியாகப் பொருந்தாது, போட்டியே இல்லாமல் போய்விடும். அளவை எப்படி மாற்றினாலும் கனசதுரம் மட்டுமே வந்தது. வடிவக் கட்டுப்பாடு என்பது ஒரு குழியில் எது பொருந்தும், எது பொருந்தாது என்ற கேள்விதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் பார்த்ததில்லை.

தகடுகளின் தடிமனை அடுக்குக் கணக்கில் நிறுத்த முடியுமா?

முடியும். முன்பு சொன்ன 0.59 நானோமீட்டர் இங்கேதான் வருகிறது. தகடு ஒரு அடுக்கு, இரண்டு அடுக்கு என்று முழு எண்களில்தான் தடிக்கும். 2018-இல் மியூனிக்கில் செய்த வேலையில், அறை வெப்பநிலையிலேயே சீசியத்துக்கும் ஈயத்துக்கும் உள்ள விகிதத்தையும் சேர்க்கும் அசிட்டோனின் அளவையும் மாற்றி, 2 முதல் 6 அடுக்கு வரை தனித்தனியாக எடுத்தார்கள். ஒளிர்வு 432-இலிருந்து 497 நானோமீட்டர் வரை படிப்படியாக நகர்ந்தது. மெல்லிய தகட்டில் ஏறத்தாழ எல்லா அணுக்களும் மேற்பரப்பில் இருப்பதால் குறைகள் அதிகம், ஒளிர்வு மங்கும். கடைசியில் லெட் புரோமைடு கரைசலைக் கொஞ்சம் சேர்த்துக் குறைகளை அடைத்ததும் ஒளிர்வு நன்றாகக் கூடியது.

ஹாட் இன்ஜெக்ஷனுக்கு வசதி இல்லை. அறை வெப்பநிலையில் செய்யலாமா?

செய்யலாம். உப்புகளையும் ஈனிகளையும் டைமெத்தில்ஃபார்மமைடில் கரைத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டிருக்கும் டொலுயினில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். டொலுயினில் உப்பு கரையாது என்பதால் உடனே படிகமாகும். 2015-இல் பெய்ஜிங்கில் மெத்தில்அம்மோனியம் பெரோவ்ஸ்கைட்டுக்கு இப்படிச் செய்தார்கள். நைட்ரஜன் வேண்டாம், சூடு வேண்டாம், நிறம் கண்ணெதிரே வரும். கல்லூரி ஆய்வகத்தில் முதன்முதலில் செய்து பார்க்க இதைத்தான் சொல்வேன். ஆனால் மிஞ்சியிருக்கும் டைமெத்தில்ஃபார்மமைடு படிகத்தை மெல்ல அரிக்கும். அளவுப் பரவலும் அதிகம். அயோடைடுக்கு இந்த முறை ஒத்துவராது.

வளர்ச்சியின் வேகத்தையே குறைக்க முடியாதா?

பல ஆண்டுகள் இது முடியாது என்றே பலரும் நினைத்தோம். 2022-இல் கோவலென்கோவின் குழு செய்து காட்டியது. லெட் புரோமைடை டிரையாக்டைல்ஃபாஸ்ஃபீன் ஆக்சைடோடு பிணைத்துக் கரைத்தார்கள். அது ஈய புரோமைடு அயனிகளைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் விடுகிறது. கரைசலில் எந்த நேரத்திலும் தனியாகத் திரியும் மூலப்பொருள் குறைவு என்பதால், கரு பிறப்பதும் வளர்வதும் தனித்தனியாகப் பிரிந்தன. விநாடிகளில் முடிந்தது அரை மணி நேரம் வரை நீண்டது, அதுவும் அறை வெப்பநிலையில்! கிடைத்தவை கனசதுரங்கள் அல்ல, உருண்டையான புள்ளிகள். அளவு 3 முதல் 13 நானோமீட்டர். உறிஞ்சல் நிறமாலையில் நான்கு படிகள் வரை தனித்தனியாகத் தெரிந்தன. எல்லாப் படிகங்களும் ஒரே அளவில் இருந்தால்தான் அப்படித் தெரியும். வளர்ந்து முடிந்ததும் லெசித்தினைச் சேர்த்து மேற்பரப்பைப் போர்த்தினார்கள். பானையில் நூல் கட்டியாகிவிட்டது.

கனசதுரம், தகடு தவிர வேறு வடிவங்கள்?

நீளக் கம்பிகள் உண்டு. 2015-இல் பெர்க்லியில் பெய்டோங் யாங்கின் குழு, குடுவையை ஐஸில் இறக்காமல் சூட்டிலேயே விட்டு, கனசதுரங்கள் மெல்ல மறைந்து கம்பிகள் எழுவதைக் காட்டியது.

பல முகங்கள் கொண்ட படிகங்கள் நம் நாட்டிலிருந்தே வந்தன. கொல்கத்தாவில், சர் சி.வி. ராமன் ஆய்வு செய்த அதே இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில், நாராயண் பிரதானின் குழு 2020-இல் ஆல்ஃபா ஹாலோ கீட்டோன்களைப் பயன்படுத்தி 12 முகமும் 26 முகமும் கொண்ட படிகங்களைச் செய்தது. குடுவைக்குள்ளேயே உருவாகும் மூன்றாம் நிலை அம்மோனியம் அயனிகள், வழக்கமாக மறைந்துபோகும் முகங்களைப் பிடித்து நிறுத்துகின்றன. புரிந்ததா? இங்கும் அதே குழி, அதே போட்டி, உட்காரும் ஆள் மட்டும் வேறு.

செய்முறையை அப்படியே பின்பற்றியும் ஒவ்வொரு முறையும் வேறு அளவு வருகிறது. எங்கே தவறு?

முதலில் சிரிஞ்சைத் தொட்டுப் பாருங்கள். சீசியம் ஒலியேட் அறை வெப்பநிலையில் உறைந்து படியும். 100 டிகிரிக்குச் சூடாக்கித் தெளிந்த பிறகுதான் எடுக்க வேண்டும், எடுத்தவுடன் செலுத்த வேண்டும். நான் பழகிய காலத்தில் ஒரு மாதம் முழுக்க அளவு நிலைக்காமல் தவித்தேன். காரணம், குளிர்ந்த ஊசிக்குள் பாதி ஒலியேட் படிந்து நின்றதுதான். 0.4 மில்லி என்று நோட்டில் எழுதியிருந்தேன், உள்ளே போனது அதைவிடக் குறைவு. சிரிஞ்சை அடுப்பில் சூடாக்கிப் பயன்படுத்தத் தொடங்கியதும் சரியானது.

அடுத்தது ஒலைல்அமீன் பாட்டில். பரவலாக விற்பது 70 சதவீதத் தூய்மை கொண்டது, மீதி 30 சதவீதம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். பாட்டில் எண்ணை நோட்டில் குறித்துவையுங்கள். நிறம் பழுத்து மஞ்சளாகியிருந்தால் எடுக்காதீர்கள்.

அப்புறம், குடுவையின் அளவு. இருமடங்கு தயாரித்தால் இருமடங்கு கிடைக்கும் என்று நினைப்போம். பெரிய குடுவை ஐஸில் மெதுவாகத்தான் குளிரும், ஊசியில் செலுத்தியது பரவவும் நேரமாகும். மூன்று விநாடியில் முடியும் வினைக்கு இது பெரிய மாற்றம்.

கலங்கிய வெள்ளை வந்தால் அமீனோ சீசியமோ கூடிவிட்டது என்று அர்த்தம். பச்சைக்குப் பதில் நீலம் ஒளிர்ந்தால் செலுத்தும்போது சூடு குறைந்திருக்கும், தகடுகள் வந்திருக்கும்.

குடுவையில் அழகாக ஒளிர்ந்தது, கழுவியதும் மங்கிவிடுகிறதே?

இந்த ஈனிகள் மேற்பரப்பில் இறுக ஒட்டியிருப்பதில்லை, ஒட்டுவதும் கழல்வதுமாகவே இருக்கும். மெத்தனால், எத்தனால் போன்றவற்றால் கழுவினால் ஈனி போய்விடும், படிகமும் கரையத் தொடங்கும். மெத்தில் அசிட்டேட்டோ எத்தில் அசிட்டேட்டோ நல்லது. 2016-இல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் சீசியம் லெட் அயோடைடை ஒளியை நன்றாக உறிஞ்சும் கருப்பு நிலையிலேயே காப்பாற்றிச் சூரிய மின்கலம் செய்ய முடிந்ததில் மெத்தில் அசிட்டேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வேலையின் முதல் ஆசிரியர் அபிஷேக் ஸ்வர்ண்கர், அதற்கு முந்தின ஆண்டு புனேயில் அங்ஷுமன் நாகின் குழுவில் புரோமைடு படிகங்களைச் செய்தவர்.

நிறம் வேறு வேண்டும், ஆனால் வடிவம் மாறக் கூடாது. முடியுமா?

முடியும். புரோமைடு படிகத்தை முதலில் வேண்டிய வடிவத்தில் செய்துகொள்ளுங்கள். பிறகு குளோரைடோ அயோடைடோ உள்ள கரைசலைச் சேர்த்தால், சில விநாடி முதல் சில நிமிடத்துக்குள் ஹாலைடுகள் இடம் மாறிக்கொள்ளும். சீசியமும் ஈயமும் போட்ட சட்டகம் பெரும்பாலும் அப்படியே இருப்பதால், அளவும் வடிவமும் நிலைக்கும்.

அளவை எதை வைத்து உறுதி செய்வது?

தினமும் உறிஞ்சல், ஒளிர்வு இரண்டையும் எடுங்கள். ஒளிர்வு வரி அகலமானால் அளவுப் பரவல் கூடியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு முகடுகள் வந்தால் இரண்டு தடிமன் கலந்திருக்கலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: கற்றையின் கீழ் ஈயம் உலோகமாகப் பிரிந்து கரும்புள்ளிகளாகத் தெரியும். அவற்றைத் தனிப் படிகம் என்று எண்ணிவிடாதீர்கள். செங்குத்தாக அடுக்கி நிற்கும் தகடுகள் படத்தில் கம்பி போலத் தெரியும், தட்டின் கோணத்தைச் சாய்த்துப் பாருங்கள்.

ஈயம் ஆபத்தில்லையா?

ஆபத்துதான். ஃபியூம் ஹூட், கையுறை, தனிக் கழிவுப் பாட்டில் மூன்றும் கட்டாயம். லெட் புரோமைடை எடை போடும் இடத்தைத் துடைத்த காகிதமும் கழிவுப் பாட்டிலோடுதான் போக வேண்டும், குப்பைக் கூடைக்கு அல்ல. டைமெத்தில்ஃபார்மமைடு தோல் வழியாக உடலுக்குள் போகும் என்பதால் அதில் கரைத்த ஈயக் கரைசலைக் கையாளும்போது இரட்டைக் கையுறை போடுங்கள்.

முதல் வாரத்தில் எதைச் செய்யலாம்?

170 டிகிரியில் ஒரே செய்முறையை ஐந்து முறை செய்யுங்கள். எதையும் மாற்ற வேண்டாம். ஐந்து ஒளிர்வு வரிகளையும் ஒரே படத்தில் வரையுங்கள். முகடுகள் இரண்டு நானோமீட்டருக்குள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால், ஆறாவது முறை அமீனின் அளவை மட்டும் மாற்றிப் பாருங்கள்.